வலி இடைவெளியை எங்கிருந்து எண்ணுவது, எப்போது கிளம்புவது? (தலைப்பிரசவம், 38 வாரம்)

மூலவைகை கேட்டது:

வணக்கம். மனைவிக்கு இது தலைப்பிரசவம். 38 வாரம் முடிந்துவிட்டது. பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது. குழந்தைக்குத் தலை கீழே இருப்பதாகக் கடைசி ஸ்கேனில் சொன்னார்கள். எங்கள் ஊர் வருசநாட்டுக்கு மேலே. பிரசவத்துக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பகலில் கார் எடுத்தாலே ஒன்றேகால் மணி நேரம் ஆகும், மழை ராத்திரி என்றால் இன்னும் கூடும்.

இரண்டு நாளாக ராத்திரியில் வயிறு இறுகி இறுகி விடுகிறது. அத்தை "இது சூட்டு வலிதான்" என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், அடங்கிவிட்டது. போனில் ஆப் போட்டு எண்ணிப் பார்த்தால் ஒரு தடவை 4 நிமிடம் காட்டுகிறது, அடுத்தது 15 நிமிடம். வலி முடிந்ததிலிருந்து அடுத்த வலி வரை எண்ண வேண்டுமா, எப்படி? எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தால் கிளம்ப வேண்டும்? சீக்கிரம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றும் இருக்கிறது, தாமதித்தால் நடுவழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது.

---

இரவுப்பணி செவிலி எழுதியது:

தம்பி, முதலில் எண்ணும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்க. ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரைக்கும் உள்ளதுதான் இடைவெளி. ஒரே வலி தொடங்கியதிலிருந்து முழுசா விட்டது வரைக்கும் எத்தனை விநாடி என்பது தனிக் கணக்கு. நிறையப் பேர் வலி முடிந்ததிலிருந்து எண்ணுவாங்க. அப்படி எண்ணினா இடைவெளி உண்மையைவிடக் குறைச்சலாத் தெரியும், வீட்டில் எல்லோரும் பதறிப்போவாங்க.

தொடக்கத்தைப் பிடிக்கிறதிலும் ஒரு பிழை வரும். அந்தப் பொண்ணு "அம்மா" என்று முகம் சுளிக்கும்போது பட்டனை அழுத்தினா, அதுக்கு முன்னாடியே கர்ப்பப்பை இறுக ஆரம்பிச்சிருக்கும். அதனால தொப்புளுக்கு மேலே, வயிற்றோட உச்சிப் பகுதியில் உள்ளங்கையைத் தட்டையா வெச்சுக்கிட்டு உட்காருங்க. இறுகத் தொடங்குறது கைக்குத்தான் முதலில் தெரியும், முழுசாத் தளர்றதும் தெரியும். எவ்வளவு இறுகுதுன்னும் பாருங்க. விரல் நுனியால் அழுத்தும்போது மூக்கு நுனி போலக் கொஞ்சம் உள்ளே போனா லேசான வலி, தாடை போல இருந்தா நடுத்தரம், நெற்றி போலக் கொஞ்சமும் அமுங்கலைன்னா நல்ல வலி. லேபர் வார்டிலும் இப்படிக் கை வெச்சுத்தான் பார்க்கிறோம்.

ஒரு தாளில் மூணு பத்தி போதும்: தொடங்கிய நேரம், எத்தனை விநாடி, இறுக்கம். இப்படி ஒரு தாள் வந்தா:

2.04 – 40 விநாடி – தாடை
2.13 – 45 விநாடி – தாடை
2.21 – 45 விநாடி – தாடை
2.28 – 55 விநாடி – நெற்றி
2.34 – 55 விநாடி – நெற்றி

இடைவெளி 9, 8, 7, 6. வலி நீளுது, இறுக்கமும் கூடுது. இது பிரசவ வலி. 4, 15, 7, 20 என்று ஏறி இறங்கி, நேரமும் கூடாம, நடந்தாலோ புரண்டு படுத்தாலோ இரண்டு டம்ளர் தண்ணீர் குடிச்சாலோ அடங்கிப்போனா அது சூட்டு வலி. நீங்க சொல்றது இப்போதைக்கு அந்த வகையாத்தான் தெரியுது. ஆனாலும் தாளைத் தூக்கிப் போடாதீங்க. இதே வலி நாளைக்கு ஒழுங்குக்கு வரலாம்.

ராத்திரி முழுக்க எண்ணிக்கிட்டே இருக்கவும் வேண்டாம். தொடர்ந்து 5, 6 வலியை எண்ணுங்க, நிறுத்துங்க, ஒரு மணி நேரம் அவங்களைத் தூங்க விடுங்க, வலி மாறின மாதிரி இருந்தா மறுபடி எண்ணுங்க. தலைப்பிரசவத்தில் ஆரம்பக் கட்டம் பல மணி நேரம் இழுக்கும், சிலருக்கு ஒரு நாளைக்கு மேலேயும் போகும். அதிலேயே தூக்கமும் தெம்பும் போயிட்டா, முக்க வேண்டிய நேரத்தில் பலம் இருக்காது.

எப்போ கிளம்புறது? பொதுவாச் சொல்ற கணக்கு: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிடம், இது 1 மணி நேரம் மாறாம நிக்கணும். இந்தக் கணக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற, சிக்கல் இல்லாத தலைப்பிரசவத்துக்கு. வருசநாட்டு மலைப்பாதைக்கு இது பொருந்தாது. உங்க வீட்டுக்கு நான் சொல்றது: 10 நிமிடத்துக்கு உள்ளே, 40 விநாடிக்குக் குறையாம, ஒரு மணி நேரம் ஒழுங்கா வந்து இடைவெளி குறைஞ்சுகிட்டே போனா கிளம்பிடுங்க. போய்ச் சேர ஒன்றேகால் மணி, ஆம்புலன்ஸ் உங்க வீடு வந்து சேர ஆகிற நேரம் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

சீக்கிரம் போறதில் ஒரு சிரமம் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்துதான் வேகமான கட்டம்னு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வகுத்தது. அதுக்கு முன்னாடி வார்டில் படுத்துட்டா, "இன்னும் ஆகலையே" என்று வலி ஊசி (வலியைக் கூட்டுற ஊசி), அது, இது என்று தலையீடு கூடிப்போக வாய்ப்பு இருக்கு. அதனாலதான் பக்கத்தில் இருக்கிறவங்களை "வீட்டுக்குப் போய் நடந்துட்டு வாங்க" என்கிறாங்க. தூரத்திலிருந்து வர்றவங்க இதை முதல்லயே சொல்லிடுங்க: "எங்க ஊர் ஒன்றேகால் மணி நேரம், திரும்பிப் போக முடியாது." பதிவேட்டிலும் அதை எழுதச் சொல்லுங்க.

நிமிடக் கணக்கு மட்டும் போதாது. 7 நிமிட இடைவெளியிலேயே நல்லாத் திறந்துடுறவங்க உண்டு, 3 நிமிடத்துக்கு ஒண்ணு வந்தும் வாய் 2 விரல் அளவு திறந்ததோட நிக்கிறவங்களும் உண்டு. அவங்க முகத்தைப் பாருங்க. வலி நடுவில் பேசிக்கிட்டே இருந்தா நேரம் இருக்கு. பேச்சு நின்னு, நடை நின்னு, சுவரையோ உங்க தோளையோ பிடிச்சுக்கிட்டு மூச்சு மட்டும் விடுறாங்கன்னா, தாளில் என்ன இருந்தாலும் கிளம்புற நேரம் வந்தாச்சு.

கடிகாரத்தையே பார்க்காம உடனே வர வேண்டிய நிலைமைகள் வேற. பனிக்குடம் உடைஞ்சா, வலி இல்லைன்னாலும் வரணும். உடைஞ்ச நேரத்தை எழுதிக்கோங்க. 18 மணி நேரத்தைத் தாண்டினா தொற்றுக்கு மருந்து தர வேண்டி வரும், அதுக்கு அந்த நேரம்தான் கணக்கு. தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கு, ஒரு நிமிடமும் நிக்காதீங்க. சளி மாதிரி, ரத்தக் கோடு கலந்து கொஞ்சம் பட்டா அது வாய் திறக்குறதோட அடையாளம், பயம் இல்லை. மாதவிலக்கு மாதிரி சிவப்பா ஓடினா, அல்லது வயிறு தளராமலே கல்லா நின்னு வலி விடாம இருந்தா நஞ்சு (நஞ்சுக்கொடி) குழந்தை பிறக்கும் முன்னாடியே பிரியுதோ என்று பார்க்கணும், அது உயிர் ஆபத்து. விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று எரிச்சலோட வலி, முகத்தில் திடீர் வீக்கம் – பிரஷர் 140/90-க்கு மேலே போயிருக்கலாம். காய்ச்சலும் இதில் சேர்த்தி.

குழந்தை அசைவும் அப்படித்தான். "பிரசவம் நெருங்கினா குழந்தை அடங்கிடும்" என்பது தப்பு, பல வீட்டில் இதை நம்பித்தான் தாமதமாகுது. சாப்பிட்ட பிறகு இடது பக்கம் சாய்ஞ்சு படுக்கச் சொல்லி எண்ணுங்க. 2 மணி நேரத்தில் 10 அசைவு வரலைன்னா வலி இருந்தாலும் இல்லைன்னாலும் கிளம்புங்க.

---

துணைமையம் எழுதியது:

சிஸ்டர் சொன்னதோடு ஊர்ப்பக்கத்து விஷயங்கள் சிலதைச் சேர்க்கிறேன்.

சீரகக் கஷாயத்தால் கெடுதல் இல்லை. வெயில் காலத்தில் தண்ணீர் பற்றாக்குறையால் வயிறு இறுகுவது உண்டு; கஷாயம் குடித்து அடங்குவதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். ஆனால் கஷாயம் கொடுத்துவிட்டு "அடங்குதா பார்ப்போம்" என்று மணிக்கணக்கில் காத்திருப்பது கூடாது. அரை மணி, முக்கால் மணியில் தளரவில்லை என்றால் எண்ணத் தொடங்குங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவதோ இருந்தால் சிறுநீர்த் தொற்று கூட இப்படி வயிற்றை இறுக வைக்கும். அதற்குப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும்.

விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடம்பில் நீர் வற்றி, பிரசவ நேரத்தில் சோர்ந்துவிடுவார்கள். அதைவிட மோசம், வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டு வலி ஊசி போடுவது. அந்த மருந்து சொட்டுக் கணக்கில், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டியது. வீட்டில் ஒரே ஊசியாகப் போட்டால் கர்ப்பப்பை கிழியும், குழந்தைக்கு மூச்சு முட்டும். இடுப்பு வலி என்று டைக்ளோஃபெனாக், புரூஃபன் மாத்திரையும் வேண்டாம். கடைசி மாதங்களில் அவை குழந்தையின் இதய ரத்தக்குழாயைப் பாதிக்கும்.

இடுப்பிலும் முதுகிலும் வெதுவெதுப்பான ஒத்தடம், வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், மெதுவாக நடை இவை போதும். இட்லி, கஞ்சி, மோர், இளநீர் என்று லேசாகக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வையுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் தலை இறங்காது, வலியும் மந்தமாகும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிறைய இடத்தில் விட்டுப்போவது இதுதான்.

வலி வந்த பிறகு தேடக் கூடாதவை: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் தாள்களும், ரத்த வகை மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார், வங்கிப் புத்தகம், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த 12 இலக்க ஆர்சிஎச் எண். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவு ஆணியில் மாட்டிவிடுங்கள்.

உங்கள் வழியில் கடமலைக்குண்டு ஆரம்ப சுகாதார நிலையம் வருகிறது. கிளம்பும்போதே உங்கள் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போடுங்கள். அவர் அங்கே சொல்லி வைத்தால், வழியில் நிறுத்தி வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, க.விலக்குக்குப் போக நேரம் இருக்கிறதா, அங்கேயே பிரசவம் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம். மலையில் இருப்பவர்கள் தேதி நெருங்கியதும் க.விலக்குக்கோ ஆண்டிபட்டிக்கோ பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குவது இன்னும் நல்லது. மழைக்காலம் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

---

கம்பம் மகள் கேட்டது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் சிஸ்டர். எனக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை சிசேரியன். இந்த முறை சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் 10 நிமிடம் வரை வீட்டில் இருக்கலாமா? இன்னொன்று, லேசாக நனைவது போல இருக்கிறது. சிறுநீரா பனிநீரா என்று தெரியவில்லை.

---

இரவுப்பணி செவிலி எழுதியது:

இல்லம்மா, உங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பழைய தையல் உள்ளவங்க ஒழுங்கா வலி தொடங்கினதுமே ஆஸ்பத்திரியில் இருக்கணும், அதுவும் உடனே ஆபரேஷன் பண்ற வசதியும் ரத்தமும் இருக்கிற இடத்தில். தையல் விடும்போது வர்ற அடையாளங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க: ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் நடுவிலும் தையல் இடத்தில் விடாத வலி, ரத்தப்போக்கு, நல்லா வந்துகிட்டிருந்த வலி சட்டுன்னு நின்னுபோறது, தலைசுற்றல். வலி நின்னுடுச்சேன்னு நிம்மதியா இருந்துடக் கூடாது.

ரெட்டைக் குழந்தை, குழந்தை குறுக்கேயோ கால் கீழேயோ இருக்கிறவங்க, நஞ்சு கீழே இருக்கிறவங்க, பிரஷர் உள்ளவங்க, இவங்க எல்லோருக்கும் இதேதான். 37 வாரம் ஆகாதவங்களுக்கு 10 நிமிடத்துக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா இறுகினாலே, வலியே இல்லைன்னாலும் வரணும். 34 வாரத்துக்குள்ளன்னா குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட அந்த நேரம் தேவை.

நனையுறதுக்கு: சிறுநீர் முழுசாப் போயிட்டு, சுத்தமான வெள்ளைத் துணி அல்லது நாப்கின் வெச்சு அரை மணி நேரம் நடங்க, இருமிப் பாருங்க. சிறுநீர்னா மஞ்சளா, அந்த வாடையோட இருக்கும், அடக்கினா நிக்கும். பனிநீர் தெளிவா, லேசான வைக்கோல் நிறத்தில் இருக்கும், அடக்கினாலும் நிக்காது, எழுந்திரிச்சா இன்னும் வழியும். நனைஞ்ச நாப்கினைக் கவரில் போட்டுக் கையோட கொண்டு வாங்க, பார்த்துச் சொல்லிடுவாங்க. உங்க நிலைமையில் சந்தேகம் இருந்தாலே போய்க் காட்டிடுங்க. வீட்டில் விரல் விட்டுப் பார்க்கிறது, யாரையும் பார்க்க விடுறது கூடாது.

முதல் குழந்தை சுகப்பிரசவமா ஆகி இரண்டாவது, மூணாவது என்று வர்றவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். தலைப்பிரசவ அனுபவத்தை வெச்சு "போன தடவை ஒரு நாள் ஆச்சு" என்று உட்கார்ந்துடாதீங்க. அடுத்தடுத்த பிரசவத்தில் 10 நிமிட இடைவெளியிலிருந்து முக்குற வலிக்கு ஒண்ணு, ரெண்டு மணி நேரத்தில் போயிடலாம். ஒழுங்குக்கு வந்ததுமே கிளம்பணும்.

---

நூற்றெட்டு ஊழியர் எழுதியது:

108-க்குக் கூப்பிடும்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான் சார்: ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ ஏதாவது ஓர் அடையாளம், எத்தனையாவது வாரம், எத்தனையாவது பிரசவம், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, பனிக்குடம் உடைந்ததா. வண்டி உள்ளே வர முடியாத தெரு என்றால் ஒரு ஆள் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். போன் வைத்த பிறகு அந்த நம்பரை வேறு யாரும் பேசிப் பிஸியாக வைக்காதீர்கள். வண்டியில் இருப்பவர் கூப்பிடுவார்.

பைக்கில் ஏற்றவே வேண்டாம். காரில் போனால் பின்சீட்டில் இடது பக்கம் சாய்ந்து படுக்கட்டும், மல்லாக்கப் படுத்தால் பெரிய ரத்தக்குழாய் அழுந்திக் குழந்தைக்கு ரத்தம் குறையும். உட்கார்ந்தால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி வர வேண்டும். சுத்தமான வேட்டி இரண்டு, டவல் நான்கு, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

"வெளிக்கு வருது, டாய்லெட் போகணும்" என்று அழுத்தத்தோடு சொன்னால் அது பெரும்பாலும் குழந்தையின் தலை. கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரப் பயணம் தொடங்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு இருந்த இடத்திலேயே சாய்த்துப் படுக்க வையுங்கள்.

வழியிலேயே வந்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், ஏசியை அணைத்துவிடுங்கள். தலை வெளியே வரும்போது இழுக்காதீர்கள், உள்ளங்கையால் தாங்கினால் போதும். கழுத்தில் கொடி சுற்றியிருந்து தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாக மெதுவாக எடுத்துவிடலாம். பிறந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஈரத்துணியை எறிந்துவிட்டு, தாயின் வெறும் மார்பின் மேல் போட்டு இருவரையும் சேர்த்து மூடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம். பிளேடும் நூலும் டெட்டனஸைக் கொண்டு வரும். கொடியைப் பிடித்து இழுத்தால் ரத்தம் கொட்டும். நஞ்சு தானாக வந்தால் கவரில் போட்டுக் குழந்தையோடு ஒட்டியே வையுங்கள். நஞ்சு வந்த பிறகு தொப்புளுக்குக் கீழே கை வைத்து, கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகும் வரை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். குழந்தையைப் பால் குடிக்கப் போடுவதும் ரத்தப்போக்கைக் குறைக்கும்.

பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் மட்டும் நிலைமை வேறு. உள்ளே தள்ளாதீர்கள், தொட்டுப் பார்க்காதீர்கள். முட்டி போட்டு, மார்பு தரையைத் தொட, இடுப்பு மேலே தூக்கியிருக்கும்படி வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் இடது பக்கம் சாய்த்து, இடுப்புக்கு அடியில் இரண்டு தலையணை.

---

மூலவைகை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூடலூர் சித்தி வீடு ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம், ஆண்டிபட்டியில் மாமா வீடு இருக்கிறது, அங்கே பேசிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: அவளுக்கு வயிற்றில் அவ்வளவாக இல்லை, முதுகுத்தண்டின் அடியில்தான் பிடிக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வலி வந்து பிறகு வெகுநேரம் இல்லை. இதை எப்படி எண்ணுவது?

---

இரவுப்பணி செவிலி எழுதியது:

குழந்தை தலை கீழே இருந்தும் அதோட முதுகு அம்மாவோட முதுகுப் பக்கம் திரும்பியிருந்தா இப்படி வரலாம். முதுகில் வலி, இரண்டு இரண்டா ஜோடியா வந்து நீண்ட இடைவெளி. ஜோடியில் முதல் வலியோட தொடக்கத்திலிருந்து அடுத்த ஜோடியோட முதல் வலி வரைக்கும் எண்ணுங்க. உள்ளே வர்ற இரண்டாவது வலியையும் தாளில் எழுதி வெச்சுக்கோங்க, ஆனா அதை இடைவெளிக் கணக்கில் சேர்க்காதீங்க. உங்க ஆப் 4, 15 என்று காட்டினதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். நாளைக் காலையில் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடுங்க, சூட்டு வலின்னு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்க வேண்டாம்.

இந்த வகையில் இடைவெளி ஒழுங்குக்கு வர நேரமாகும், ஆனா உள்ளே வாய் திறந்துகிட்டே இருக்கலாம். அதனால நிமிடத்தைவிட அவங்க பேச்சையும் நடையையும் பாருங்க. நாலு கால்ல ஊன்றி, இடுப்பை மெதுவா முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்க. வலி வரும்போது முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் நல்லா அழுத்திப் பிடிங்க, வலி முழுசா விட்ட பிறகு கையை எடுங்க. மாமா வீட்டுக்கு நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி, காட்டிட்டு அப்படியே ஆண்டிபட்டியிலேயே இருந்துடலாம்.